சோற்றுக் கூடமும் சொற்பொழிவுக் கூடமும்

கட்சி என்றால் கொடி வேண்டும், கொள்கை வேண்டும், கூடிக் கேட்க மக்கள் வேண்டும், குந்த ஒரு குச்சிலும் வேண்டும்! கொடியைப் பற்றிக் கவிதைகள் உண்டு. கொள்கையைப் பற்றிக் கட்டுரைகள் குவிந்து கிடக்கின்றன. கூட்டத்தைப் பற்றியோ சொல்லவே வேண்டுவதில்லை. வந்த தலைகளை எண்ணிச் சொல்வதில் நம்மவருக்கு இணை எவருமில்லை. ஆனால் அந்தக் குச்சிலைப் பற்றி, அதாவது ஒரு கட்சி தலைநகரில் தனக்கெனக் கட்டிக்கொள்ளும் மனையைப் பற்றி, நம் வரலாற்று நூலோர் எழுதிய பக்கங்கள் மிகச் சில. திறப்புவிழா நாளன்று ஏடுகள் படம் போடும். தலைமை ஏற்றவர் யார், வாழ்த்துரை வழங்கியவர் யார் என்று எழுதும். மறுநாள் மறந்துவிடும். உள்ளே எந்த அறை எங்கே, யாருக்கு எந்த வாயில் என்று கேட்பார் இலர்.

கேட்க வேண்டிய வேளை வந்திருக்கிறது. தில்லியில் 2018 பிப்ரவரி 18 அன்று பாரதீய ஜனதா கட்சி அசோகா சாலையை விட்டுத் தீனதயாள் உபாத்தியாயா சாலையின் புது மாளிகைக்குக் குடிபெயர்ந்தது. 2022 ஏப்ரல் 2 அன்று திராவிட முன்னேற்றக் கழகம் அதே வட்டாரத்தில் 'அண்ணா–கலைஞர் அறிவாலய'த்தைத் திறந்தது. 2025 ஜனவரி 15 அன்று காங்கிரசு 'இந்திரா பவ'னுக்குள் நுழைந்தது. அடுத்த மாதமே அனைத்திந்திய அண்ணா தி.மு.க.வின் தில்லி மனையும் திறக்கப்பட்டது. ஏழே ஆண்டுகளில் நான்கு மனைகள்! இத்தனைக்கும் படம் வரைந்த பொறியாளர்கள், வெள்ளைத் தாளை விரித்து வைத்து, முதற்கோட்டை எந்த அறைக்காக இழுத்திருப்பார்கள்? தலைவரின் அறைக்காகவா? செய்தியாளரைச் சந்திக்கும் கூடத்துக்காகவா? அல்லது, ரிஷிவந்தியம் போன்றதோர் ஊரிலிருந்து ஒரு மனுவை மடியில் கட்டிக்கொண்டு வந்து நிற்பானே ஒருவன், அவனுக்காகவா?

அந்த மனிதனின் பக்கம் நின்று நம் வரலாற்றைப் பார்க்க விழைகிறேன். அங்கிருந்து பார்க்கும்போது, மேடையிலிருந்து பார்ப்பவர்க்குப் புலப்படாத ஓர் உண்மை புலப்படுகிறது. தமிழ்நாட்டில் பார்ப்பனரல்லாதார் இயக்கம் தலைநகரில் எழுப்பிய முதல் மனை சொற்பொழிவுக் கூடமன்று. உண்டு உறங்கும் விடுதி!

1916-ஆம் ஆண்டு. டாக்டர் சி. நடேசனார், சென்னைத் திருவல்லிக்கேணியில் திராவிடர் சங்கத்தின் சார்பில் மாணவர் விடுதி ஒன்றைத் தொடங்கினார். 'திராவிடர் இல்லம்' என்று அதனைச் சொல்வர். அன்றைய நிலை என்ன? கல்லூரிகள் சென்னையில், படிக்க விரும்பும் பிள்ளைகள் மாவட்டங்களில். தஞ்சையிலிருந்தோ கோவையிலிருந்தோ தென்னார்க்காட்டிலிருந்தோ ஒரு வேளாளன் மகனோ நெசவாளி மகனோ பெட்டியும் கையுமாக வந்திறங்கினால், கல்லூரியில் இடம் கிடைத்தாலும் தங்கக் கூரை கிடைப்பது அரிது. விடுதிகளும் உணவகங்களும் சாதிக்கோர் வாயிலாக இருந்த காலம். மதிப்பெண் இருந்தும் மனையில்லாமல் ஊர் திரும்பும் பிள்ளைகளை நடேசனார் எண்ணிப் பார்த்தார். அவர் மருத்துவர், நோயைப் பேசிக் கலைவதைவிட மருந்தைக் கையில் எடுத்தவர். ஒரு வீட்டைப் பிடித்தார், அடுப்பை மூட்டினார், பாயை விரித்தார். தென்னிந்திய நல உரிமைச் சங்கம், நாம் நீதிக்கட்சி என்று அழைப்பது, அதே 1916-இன் நவம்பரில்தான் உருவாயிற்று. அடுப்பு முன்னே, அரசியல் பின்னே!

உணவுக்கூடத்தைச் சிறு பொருளென்று எண்ணுவோர் அடுத்த பத்தாண்டை நினைவிற்கொள்க. சேரன்மாதேவியில் வ.வே.சு. ஐயர் நடத்திய தமிழ்க் குருகுலத்துக்குத் தமிழ்நாட்டுக் காங்கிரசு 10,000 ரூபாய் தர இசைந்து 5,000 ரூபாயைக் கொடுத்தும் விட்டது. நாட்டுப்பற்றை ஊட்டவந்த அந்தப் பள்ளியில் பிராமணப் பிள்ளைகள் இருவர்க்கு மட்டும் தனிப்பந்தி. பெற்றோர் வேண்டியதால் அளித்த விலக்கே அது என்பது ஐயரின் விளக்கம். வீரத்தில் குறைவற்றவர், தமிழில் தேர்ந்தவர். எனினும் ஒரு பந்திச் சுவரை இடிக்க அவருக்கு மனம் வரவில்லை. 1924, 1925 ஆகிய ஈராண்டும் அந்தச் சுவர் தமிழகத்தை உலுக்கிற்று. பெரியாரும் டாக்டர் வரதராசலுவும் கொதித்தெழுந்தனர். 1925 நவம்பரில் காஞ்சி மாநாட்டில் வகுப்புவாரித் தீர்மானம் மறுக்கப்பட்டபோது பெரியார் காங்கிரசை விட்டு வெளியேறினார் என்பது அனைவரும் அறிந்த செய்தி. அவ்வெளியேற்றத்துக்கான பாதை சேரன்மாதேவியின் சோற்றுக் கூடத்தின் வழியே வந்தது என்பதைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர். இரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணர்க்கெனத் தனியிடம் ஒதுக்கிய வழக்கம் 1941 வரை நீடித்தது. அந்தத் தடுப்பை எடுக்கவும் ஓர் இயக்கம் கிளர்ந்தெழ வேண்டியதாயிற்று. யார் எங்கே அமர்ந்து உண்பது என்பதுதான் இங்கே நெடுங்காலம் எழுதப்படாத அரசியல் சட்டம்!

எங்கள் பக்கத்துக் கல்வராயன் மலையை எடுத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்தில் குடியரசு நடந்து கால் நூற்றாண்டாகியும், மேலே மூன்று ஜாகீர்களின் ஆட்சி. மலைவாழ் மக்கள் கூலியின்றி உழைத்துக் கொட்டினர். 1976-ஆம் ஆண்டில்தான் அரசு அந்த ஜாகீர்களை எடுத்துக்கொண்டது. அதிகாரம் குடியிருக்கும் வீட்டில் எளியவனுக்கு என்றும் ஒரே இடம்தான் வைத்திருந்தார்கள். அது நிற்கும் இடம். உட்காரும் இடத்தை எவர் வீட்டிலும் அவன் பார்த்ததில்லை. அப்படிப்பட்டவனின் பேரப்பிள்ளை, கட்சி என்றொன்று தனக்காக இருக்கிறதென்று நம்பிப் பட்டணத்துக்குப் போகிறான். அந்தக் கட்சியின் முன்கூடத்திலும் நாற்காலிகளெல்லாம் வேறு யாருக்கோ என்றிருந்தால் அவன் என்ன எண்ணுவான்?

நீதிக்கட்சியின் பிற்காலத்தை இங்கே விரித்துச் சொல்லத் தேவையில்லை. விக்டோரியா மண்டபம், செல்வர் இல்லங்கள், மன்னர் மாளிகைகள் என்று அதன் கூட்டங்கள் நடந்தன. பிறர் கூரையின் கீழ் வளர்ந்த கட்சிக்குத் தன் கூரையைப் பற்றிய கவலை எழவில்லை போலும். அக்கவலையைச் சரியாகப் புரிந்துகொண்டவர் பெரியார். சென்னையில் டிராம் வண்டிகள் 1953 ஏப்ரலில் நின்றன. வேப்பேரியில் அந்த நிறுவனத்துக்கிருந்த கொட்டகையும் நிலமும் விலைக்கு வந்தன. மற்றவர்கள் தண்டவாளத்தையும் இரும்பையும் கணக்கிட்டுக் கொண்டிருக்க, சிக்கனத்துக்குப் பேர்போன அந்தக் கிழவர் திறந்த நிலத்தைக் கணக்கிட்டார்! அதுவே பெரியார் திடலாயிற்று. பெயரைப் பாருங்கள்: மாளிகையன்று, மன்றமுமன்று, திடல்! யார் வேண்டுமானாலும் வந்து நிற்கலாம், கேட்கலாம், போகலாம் என்ற பொருள் அச்சொல்லிலேயே இருக்கிறது. நடிகவேள் இராதாவின் பெயரால் ஒரு மன்றம், 'விடுதலை' அச்சாகும் கூடம், நூலகம் என்று ஒவ்வொன்றாக அங்கே முளைத்தன. முதலில் வாங்கியது வெளி. கட்டடம் அதன் பிறகு.

1949-க்கு வருவோம். செப்டம்பர் 17 அன்று பவளக்காரத் தெருவின் 7-ஆம் எண் வீட்டில் திராவிட முன்னேற்றக் கழகம் பிறந்தது. மறுநாள் இராயபுரம் ராபின்சன் பூங்காவில், கொட்டும் மழையில், முதற் கூட்டம். பிறந்தது ஒரு வீட்டின் கூடத்தில், பேசத் தொடங்கியது திறந்த வானத்தின் கீழ். சொந்தமாக ஒரு செங்கல் கிடையாது. அதன்பின் இராயபுரத்தில் 'அறிவகம்' வாய்த்தது. துறைமுகத் தொழிலாளர்களும் மீனவர்களும் சிறுவணிகர்களும் வாழும் வட சென்னைத் தெருவில் ஒரு வீடு. நாடகம் போட்டும், நூல் விற்றும், நாலணா எட்டணாவாகத் திரட்டியும் நடந்த கட்சி அது. 1957 தேர்தலில் சட்டமன்றத்துக்கு 15 பேர். 1962-இல் 50 பேர். 1967-இல் ஆட்சியே கைக்கு வந்துவிட்டது. அண்ணா சாலையில் தேனாம்பேட்டைப் பகுதியில் 'அன்பகம்' அமைந்தது இவ்வளர்ச்சியின் ஊடே. இராயபுரத்திலிருந்து தேனாம்பேட்டைக்கு! தொழிலாளர் தெருவிலிருந்து தலைநகரின் தலைச்சாலைக்கு! தொலைவு சில கல்தான்; ஆனால் ஒரு கட்சியின் வாழ்க்கையில் அது நெடும்பயணம்.

அறிவகமும் அன்பகமும் பெரிய கட்டடங்களல்ல. எனினும் கட்சி குறுகிப் போய்விடவில்லை. காரணம், தலைமையகத்தின் அறைகள் ஊர்தோறும் சிதறிக் கிடந்தன! படிப்பகம் என்று அவற்றுக்குப் பெயர். தென்னங்கீற்றுக் கொட்டகை, ஒரு விசுப்பலகை, சுவரில் ஒரு படம், கயிற்றில் தொங்கும் நாலைந்து ஏடுகள். எழுத்தறிந்த ஒருவர் உரக்கப் படிப்பார். எழுத்தறியாத பத்துப் பேர் சூழ்ந்திருந்து கேட்பர். முடிதிருத்தும் நிலையமும் தேநீர்க் கடையும்கூட அவ்வாறே படிப்பகங்களாயின. சென்னையில் பத்து அறை கட்டுவதற்குப் பதிலாக நாட்டில் பல்லாயிரம் அறை! எந்தக் கட்டடக் கலைஞரும் வரைந்து தராத திட்டம் அது. ஆனால் பட்டணத்துக்கு வருகிறவனுக்கு இடமில்லாத குறை அப்போதும் இருந்தது. எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவர் சொல்வார்: மாநாட்டுக்குப் போனால் மூன்று வேளையும் பொரிகடலை, படுக்கை கடற்கரை மணல், குளியல் கடலில் என்று. அதைப் பெருமையாகச் சொல்வார். கேட்கும் எனக்கோ, அவருடன் ஒரு பெண் போயிருந்தால் எங்கே படுத்திருப்பாள் என்ற கேள்விதான் எழும்.

இக்கேள்விகள் நமக்கு மட்டும் உரியவையல்ல. பெல்ஜிய நாட்டுத் தொழிலாளர் கட்சி பிரசல்சு நகரில் 'மக்கள் இல்லம்' ஒன்றைக் கட்ட முனைந்தபோது, விக்தர் ஓர்தா என்னும் கட்டடக் கலைஞரிடம் பணியை ஒப்படைத்தது. 1899 ஏப்ரலில் அது திறக்கப்பட்டது. அக்கட்சியின் வலிமை எதில் இருந்தது தெரியுமா? ரொட்டியில்! தொழிலாளர் கூட்டுறவு ரொட்டிச் சாலைகள் நடத்தி, மலிவு விலைக்கு நல்ல ரொட்டி விற்று, மிஞ்சிய பணத்தில் இயக்கம் நடத்தியவர்கள் அவர்கள். ஆகவே ஓர்தா தரைத்தளத்தின் நடுவே பெரியதோர் உணவு விடுதியை வைத்தார். அதனருகே கூட்டுறவுக் கடைகள். அதன் மேலே அலுவலகங்கள். எல்லாவற்றுக்கும் உச்சியில், ஏறத்தாழ 2,000 பேர் அமரும் சொற்பொழிவுக் கூடம். இரும்புச் சட்டமும் கண்ணாடியுமாக எழுப்பியது ஏன்? காற்றும் ஒளியும் புகாத குடியிருப்புகளில் அடைபட்டுக் கிடந்த தொழிலாளிக்கு, அவனுடைய இல்லத்திலாவது காற்றும் ஒளியும் ஆடம்பரமாகக் கிடைக்கட்டும் என்று ஓர்தா எண்ணினார். பளிங்கையும் பொன் முலாமையும் செல்வர்க்கு விட்டுவிட்டு, ஏழைக்கு வெளிச்சத்தைக் கொடுத்த கலைஞன்! கூடத்தில் எதிரொலி மிகுதி, பேச்சுத் தெளிவாகக் கேட்கவில்லை என்று குறை சொன்னவர்களும் உண்டு. சோறு கீழே, சொல் மேலே என்ற அந்த அடுக்கைப் பார்க்கும்போது எனக்கு நடேசனாரின் திருவல்லிக்கேணி வீடுதான் நினைவுக்கு வருகிறது. ஒருவரையொருவர் அறியாத இருவர், பதினேழு ஆண்டு இடைவெளியில், ஒரே விடையைக் கண்டிருக்கின்றனர்.

அந்த மக்கள் இல்லம் இன்று இல்லை. உலகெங்குமிருந்து 700 கட்டடக் கலைஞர்கள் வேண்டாமென்று கையொப்பமிட்டும், 1965-இல் இடிக்கப்பட்டு, அவ்விடத்தில் அடுக்குமாடி எழுந்தது. அதன் இரும்புத் துண்டுகள் சில பிரசல்சின் ஒரு சுரங்க இரயில் நிலையத்திலும், ஆண்டுவெர்ப்பு நகரத்து உணவகம் ஒன்றிலும் அலங்காரமாக நிற்கின்றன.

பாரிசில் பிரெஞ்சுப் பொதுவுடைமைக் கட்சியின் கதை வேறு. பிரேசிலின் படையாட்சியால் தாய்நாட்டை விட்டு வெளியேறிய ஆசுகர் நீமேயர், ஊதியம் பெறாமல் அவர்களுக்கு மனை வரைந்து கொடுத்தார். அலையென வளைந்த கண்ணாடி முகப்பு 1971-இல் முடிந்தது. வெண்மையான குவிமாடம், கட்சியின் மத்தியக்குழு கூடும் இடம், 1980 அளவில் நிறைவெய்தியது. எழிலில் ஈடு சொல்ல முடியாது. 2007-இல் பிரெஞ்சு அரசு அதனை வரலாற்றுச் சின்னமாக அறிவித்தது. ஆனால் வாக்குகள் வற்றின. பிறகு அழகுடை நிறுவனங்களின் காட்சிக்கும் விருந்துக்கும் அந்த மாடத்தை வாடகைக்கு விடவேண்டி வந்தது. பெரிய மனை கட்டுவது எளிது. அதற்கு ஆண்டுதோறும் வெள்ளையடிக்கத்தான் கட்சி வேண்டும்!

தேனாம்பேட்டைக்குத் திரும்புவோம். 1987 செப்டம்பர் 16. அண்ணா பிறந்த நாளுக்கு மறுநாள். கழகம் பிறந்த நாளுக்கு முந்தைய நாள். அன்றுதான் 'அண்ணா அறிவாலயம்' திறக்கப்பட்டது. கவனிக்க வேண்டியது, அப்போது கழகம் ஆட்சியில் இல்லை என்பதுதான். பத்தாண்டுக்கும் மேலாக எதிர்க்கட்சி. கோட்டையில் இருக்கும்போது கட்டாத மனையைக் கோட்டைக்கு வெளியே நிற்கும்போது கட்டினர். இது முரணன்று. ஆட்சியிலிருக்கும் கட்சிக்கு அரசு அலுவலகமே அலுவலகமாகி விடுகிறது. கட்சி மனையில் தூசி படிகிறது. ஆட்சி போன மறுநாள்தான் தொண்டன் எங்கே வந்து நிற்பான் என்ற கேள்வி தலைவர்க்கு எழுகிறது. அறிவாலயம் திறந்து பதினாறு மாதத்தில், 1989 ஜனவரித் தேர்தலில், கழகம் மீண்டும் ஆட்சிக்கு வந்தது. அதற்குக் கட்டடம்தான் காரணமென்று சொல்ல நான் சோதிடனல்லன், வாஸ்து பார்ப்பவனுமல்லன்!

அறிவாலயத்தின் திட்டத்தில் எனக்குப் பிடித்த பகுதி, அதன் வளாகத்திலுள்ள கலைஞர் அரங்கம். பொதுக்குழு அங்கே கூடுகிறது. திருமணமும் அங்கே நடக்கிறது. புரோகிதர் இன்றி, மாலை மாற்றி, உறுதி கூறி நடக்கும் திருமணம் சட்டப்படி செல்லும் என்று அண்ணாவின் அரசு 1967-இல் திருத்தம் நிறைவேற்றியது. அச்சட்டத்துக்கு ஒரு கூரை வேண்டாமா? தீர்மானம் நிறைவேறும் அதே கூடத்தில் மணமக்கள் மாலை மாற்றுவதும், தலைவர் வாழ்த்தும் சாக்கில் ஒரு மணி நேரம் அரசியல் பேசுவதும் நம் நாட்டுக்கே உரிய காட்சி. இன்னொரு நுணுக்கமும் உண்டு. திருமண மண்டபம் என்பது தமிழன் தானே வளர்த்த கட்டட வகை. மேடை, கூடம், சமையற்கட்டு, பந்திக் கூடம், உறவினர் தங்க அறைகள், பெண்களுக்குத் தனியறை என எல்லாம் அதில் ஒழுங்காக அமைந்திருக்கும். கட்சித் தலைமையகத்துக்கு வேண்டியவையும் அவையே!

பெயர்களைப் பற்றி ஒரு சொல். இல்லம், அகம், திடல். இவை தொடக்கக் காலப் பெயர்கள். வீட்டையும் வெளியையும் குறிக்கும் சொற்கள். பிறகு அறிவாலயம் வருகிறது. கோயிலை மறுத்தவர்கள் ஆலயத்தை வைத்துக்கொண்டு, உள்ளேயிருந்த கடவுளை மட்டும் எடுத்துவிட்டு அறிவை அமர்த்தினர் என்று நயம் சொல்லலாம், சொல்பவர் சொல்கின்றனர். ஆயினும் 'அக'த்துக்குள் செருப்போடு நுழைபவன் 'ஆலய'த்தின் வாசலில் சற்றுத் தயங்குவான் என்பதும் உண்மை. பாரதீய ஜனதா கட்சியின் சென்னை அலுவலகம் 'கமலாலயம்', அண்ணா தி.மு.க.வுக்கு 'மாளிகை', காங்கிரசுக்குச் 'சத்தியமூர்த்தி பவன்'. பொதுவுடைமையினர் 'பாலன் இல்லம்' என்று வீட்டுப் பெயரையும், ம.தி.மு.க.வினர் 'தாயகம்' என்று அகத்தையும் விடாமல் வைத்திருப்பது மகிழ்ச்சிக்குரியது.

மனை யாருக்குச் சொந்தம் என்பது அடுத்த சிக்கல். கட்சி என்பது கருத்தால் ஆனது. பத்திரப் பதிவு அலுவலகமோ கருத்தின் பெயருக்குக் கிரயம் எழுதித் தராது. ஆகவே அறக்கட்டளைகள் தோன்றின. அறிவாலயம் தி.மு.க. அறக்கட்டளையின் பொறுப்பில் இருக்கிறது. இராயப்பேட்டை அவ்வை சண்முகம் சாலையில் அண்ணா தி.மு.க. தலைமையகம் நிற்கும் மனை, எம்.ஜி.ஆரின் துணைவியார் ஜானகி அம்மையார் கட்சிக்குக் கொடுத்த கொடை. அக்கட்சியில் தலைமைப் போட்டி முற்றியபோது, 2022 ஜூலை 11 அன்று, வானகரத்தில் ஒரு சாரார் பொதுக்குழு நடத்த, மறு சாரார் தலைமையகத்துக்குள் நுழைந்தனர். கல்வீச்சு, கைகலப்பு, உடைந்த கதவுகள்! வருவாய்த் துறையினர் வந்து முத்திரை வைத்தனர். உயர்நீதிமன்றம் சாவியை எவரிடம் கொடுப்பதென்று தீர்ப்புச் சொல்ல ஜூலை 20 ஆயிற்று. சின்னமும் கொடியும் போலவே கதவுச் சாவியும் கட்சியின் உயிர்நிலையாகிவிட்டதை அந்தப் பத்து நாட்கள் காட்டின. கொடையளித்த அம்மையார் அதற்காகவா கொடுத்தார்?

இனி, ரிஷிவந்தியத்துக்கு நேரே தொடர்புள்ள மனை ஒன்று. 2011 தேர்தலில் இத்தொகுதி தேர்ந்தெடுத்த விஜயகாந்த் சட்டமன்றத்தில் எதிர்க்கட்சித் தலைவரானார். தே.மு.தி.க.வின் தலைமையகம் சென்னைக் கோயம்பேட்டில், ஆண்டாள் அழகர் திருமண மண்டபம் நின்ற இடத்தில் இருக்கிறது. மேலே சொன்னேனல்லவா, திருமண மண்டபமே தமிழனின் தலைமையகம் என்று? இது அதற்கு நேரடிச் சான்று. 2007-இல் மேம்பாலப் பணிக்காக அம்மண்டபத்தின் ஒரு பகுதி இடிக்கப்பட்டது. எஞ்சிய இடத்தில் கட்சி இயங்கிற்று. எங்கள் பகுதியினர்க்கு அந்த இடம் பேருதவியாக இருந்தது. தென்மாவட்டப் பேருந்துகள் வந்து நின்ற நிலையமும் அப்போது கோயம்பேட்டிலேயே இருந்தது. இறங்கிய காலோடு நடந்து போய்விட முடிந்தது. வந்தவனைப் பார்த்து, பேசு என்பதற்கு முன் சாப்பிடு என்று சொல்வது அந்த மனையின் வழக்கம் என்பர். அவருடைய அரசியலை ஏற்காதவரும் இதனை மறுப்பதில்லை. 2023 டிசம்பர் 28 அன்று அவர் மறைந்தார். மறுநாள் அதே தலைமையக வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அதைத் தொடர்ந்த மாதங்களில் அங்கே வந்தவர்க்கு நாள்தோறும் உணவு வழங்கப்பட்டது. அந்நினைவிடத்தை ஆலயமென அழைப்பதைக் கேட்கையில் பகுத்தறிவு பேசும் எனக்கு நெற்றி சுருங்குகிறது. பந்தி நடந்ததைக் கேட்கையில் சுருக்கம் நீங்கிவிடுகிறது. பெரியார் திடலிலும் பெரியார் உறங்குகிறார். தலைமையகம் நினைவகமாகும்போது மலர் வைக்க இடம் பெருகும். விவாதிக்க இடம் குறையும். அவ்விரண்டுக்கும் நடுவே எல்லைக்கோடு இழுப்பது பொறியாளரின் வேலையன்று, கட்சியின் வேலை.

அவர் மறைந்த மூன்றாம் நாள், டிசம்பர் 30 அன்று, கிளாம்பாக்கத்தில் புதுப் பேருந்து நிலையம் திறக்கப்பட்டது. தென்திசைப் பேருந்துகள் இப்போது நகருக்கு வெளியே அங்கே நின்றுவிடுகின்றன. 200 கிலோமீட்டருக்கு மேல் பயணம் செய்து விடியலில் இறங்கும் எங்கள் ஊர்க்காரர், இனி எந்தக் கட்சியின் மனைக்குப் போவதானாலும் இன்னொரு நகரப் பயணம் மேற்கொண்டாக வேண்டும். பேருந்து நிலையம் இடம்பெயர்ந்தால் தலைமையகத்தின் வாசலும் இடம்பெயர்ந்ததாகவே பொருள்! வண்டிவழித் தொண்டனுக்குப் புறநகரில் ஒரு தங்குகூடம் கட்டுவதை, எந்தக் கட்சியாவது எண்ணிப் பார்க்கலாம்.

வகுப்பில் ஒருநாள், கட்சிகளின் வரலாறு நடத்தி முடித்தபின், "ஒரு கட்சிக்குத் தலைநகரில் மனை கட்டுவதானால் எப்படிக் கட்டுவீர்கள்? வரைந்து வாருங்கள்" என்று என் மாணவர்களிடம் சொன்னேன். பதினொரு பிள்ளைகள், கட்டடத்தைவிட உயரமாகத் தலைவரின் பலகையுருவை முன்னே நிறுத்தி வரைந்திருந்தனர்! ஒரு பையன் மகிழுந்து நிறுத்த இடம் ஒதுக்கிவிட்டு, மிச்சமிருந்த மூலையில் அலுவலகத்தை வைத்திருந்தான். நடைமுறை அறிந்தவன்! மலையடிவாரச் சிற்றூரிலிருந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும் கழிப்பறைகளை முதலில் வரைந்திருந்தாள். ஏனம்மா என்றேன். "அம்மா மகளிர் குழுவோடு பட்டணத்துக்குக் கூட்டத்துக்குப் போய் வந்தாங்க ஐயா, நாள் முழுக்கத் தண்ணியே குடிக்கலையாம்" என்றாள். மாநாட்டுக்கு மகளிரை வண்டி வண்டியாக ஏற்றி வரும் கட்சிகள் அனைத்தின் பொறியாளர்களும் இந்தச் சிறுமியிடம் ஒரு வாரம் பாடம் கேட்கலாம்.

தில்லியில் கட்சிகளுக்கு நிலம் எப்படிக் கிடைக்கிறது? நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் எத்தனை உறுப்பினர் என்று எண்ணிப் பார்த்து, அதற்கேற்ப அரசு நிலம் அளந்து தருகிறது. அரசுக் குடியிருப்பு மாளிகைகளை அலுவலகமாக வைத்துக்கொண்டிருந்த கட்சிகள் அவற்றைவிட்டு வெளியேறியாக வேண்டும் என்ற நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. காங்கிரசு 1978 முதல் அக்பர் சாலையின் 24-ஆம் எண் மாளிகையில் காலம் தள்ளிய கட்சி. 2009-இல் அடிக்கல் நாட்டிய மனைக்குப் போக அதற்கு 2025 ஆயிற்று. மனையின் ஒரு பக்கம் தீனதயாள் உபாத்தியாயா சாலை, மறுபக்கம் கோட்லா சாலை. எதிர்க்கட்சித் தலைவர் பெயரைத் தன் முகவரியில் தாங்க மனமின்றியோ என்னவோ, வாசலைக் கோட்லா சாலைப் பக்கம் வைத்துக்கொண்டது. சோதிடம் பார்க்காமலும் வாசலைத் திருப்ப முடியும் என்பதற்கு இது சான்று!

கழகத்தின் முதல் மக்களவை உறுப்பினர்கள் 1957-இல் இருவர்: நாமக்கல்லிலிருந்து ஈ.வெ.கி. சம்பத், எங்கள் அண்டைத் தொகுதியான திருவண்ணாமலையிலிருந்து இரா. தருமலிங்கம். 1962-இல் அண்ணா மாநிலங்களவைக்குச் சென்றார். 1967-இல் மக்களவையில் 25 பேர். எனினும் அந்தத் தலைநகரில் தனக்கென ஒரு மனையைக் கழகம் காண 2022 ஆயிற்று. இருவர் போன நாளிலிருந்து 65 ஆண்டுகள்! அவ்விழாவில் சோனியா காந்தியும் அகிலேஷ் யாதவும் வந்திருந்தனர். பேராசிரியர் அன்பழகன் பெயரால் நூலகம் ஒன்றும் அங்கே அமைந்தது. வடபுலத்தில் ஒரு தமிழ்க் கட்சி தன் மனையில் நூலகத்தை வைத்தது நன்று. படிப்பகம் நடத்தி வளர்ந்தவர்களின் மரபு அது.

அங்கே போக விரும்பும் எங்கள் ஊர்க்காரர், ரிஷிவந்தியத்தில் பேருந்தேறி, சென்னை சென்ட்ரலில் இரவு பத்து மணித் தமிழ்நாடு விரைவு வண்டியைப் பிடித்தால், இரண்டு இரவும் ஒரு பகலும் கழித்து விடியலில் புதுதில்லியில் இறங்குவார். மொழி தெரியாது. கையில் மடித்த மனு, ஒரு பை. பேசவேண்டிய உறுப்பினர் நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டு மாலையில்தான் திரும்புவார். மார்கழியாக இருந்தால் குளிர் எலும்பைக் கடிக்கும். அவருக்கு முதலில் வேண்டுவது பையை வைக்க ஓரிடம், குளிக்க வெந்நீர், இரண்டு இட்டலி, மாலைவரை சாய்ந்திருக்க ஒரு பாய்.